ஒரு பேக்கேஜ் ரெசிப்பியைப் பேணுவது எப்படி?

மேக் கணினியில் டெர்மினலைத் திறந்து ‘ப்ரூ இன்ஸ்டால் ஜேக்யூ’ என்று அடித்தால் சில நொடிகளில் ஜேக்யூ வந்து உட்கார்ந்துவிடும். ஜேசான் கோப்பிலிருந்து வேண்டிய தகவலை மட்டும் உருவி எடுக்கும் சின்னக் கருவி அது. ஸ்டீஃபன் டோலன் 2012-இல் எழுதியது. யார் அதைக் கம்பைல் செய்தார்கள், ஒழுங்காக ஓடுகிறதா என்று யார் பார்த்தார்கள், இதெல்லாம் நாம் கேட்பதில்லை. கேட்க வேண்டிய தேவையே வராமல் பார்த்துக்கொள்வதுதான் பேக்கேஜ் மேனேஜரின் வேலை. அந்த வேலையின் பெரும்பகுதி, ரெசிப்பி என்று சொல்லப்படும் ஒரு சிறிய கோப்பில் அடங்கியிருக்கிறது. அதை எழுதுவது அரை நாள் வேலை. அதன்பின் ஆண்டுக்கணக்கில் அதை ஓடும் நிலையில் வைத்திருப்பதுதான் மெயின்டெயினர்களின் பாடு.

இங்கே ஹோம்ப்ரூவை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். மேக்ஸ் ஹோவெல் 2009-இல் தொடங்கிய ஓப்பன் சோர்ஸ் திட்டம். ரெசிப்பிகள் ரூபி மொழியில் இருக்கும், படிக்க எளிது. 2019 முதல் லினக்ஸையும் அதிகாரபூர்வமாக ஆதரிக்கிறது. டெபியன், ஆர்ச், நிக்ஸ், சூப்பர் கம்ப்யூட்டர்களுக்காக உருவான ஸ்பாக், டேட்டா சயன்ஸ்காரர்கள் நம்பியிருக்கும் கோண்டா-ஃபோர்ஜ் என்று வேறு எதை எடுத்தாலும் கோப்பின் வடிவம்தான் மாறும். பாடு ஏறக்குறைய ஒன்றுதான்.

கோப்பைத் திறந்தால்

ஜேக்யூவின் ரெசிப்பி சில டஜன் வரிகள்தான். மேலே ஒரு வரி விளக்கம், திட்டத்தின் முகப்புப் பக்கம், மூல நிரலை எந்த முகவரியிலிருந்து இறக்க வேண்டும், இறக்கிய கோப்பின் எஸ்ஹெச்ஏ-256 செக்சம் என்ன, லைசென்ஸ் எது. அடுத்து டிபெண்டன்சி: ரெகுலர் எக்ஸ்பிரஷன் வேலைக்காக ஜேக்யூவுக்கு ஓனிகுருமா என்ற லைப்ரரி வேண்டும். பிறகு நிறுவும் பகுதி: கான்ஃபிகர் ஸ்கிரிப்டை இன்னின்ன ஆப்ஷன்களோடு ஓட்டு, மேக் இன்ஸ்டால் செய். கடைசியில் டெஸ்ட்.

அந்த டெஸ்டைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். ஃபூ என்றால் 1, பார் என்றால் 2 என்று சொல்லும் ஒரு துண்டு ஜேசானை ஜேக்யூவிடம் கொடுத்து, பாரின் மதிப்பைக் கேட்கிறது. 2 என்று பதில் வந்தால் தேறியது. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் நிரல் திறக்கிறது, உள்ளீட்டை வாங்குகிறது, அலசுகிறது, பதில் சொல்கிறது என்ற நாலும் ஒரே வரியில் தெரிந்துவிடுகிறது. புதியவர்கள் பெரும்பாலும் வெர்ஷன் எண்ணை அச்சிடச் சொல்லி, அதையே டெஸ்ட் என்று அனுப்பிவைப்பார்கள். ஹோம்ப்ரூவின் வழிகாட்டி அதை வேண்டாம் என்கிறது, சரிதான். வெர்ஷன் எண்ணை அழகாகச் சொல்லிவிட்டு, அடுத்த கட்டளையிலேயே தன் டேட்டா கோப்பைக் காணோம் என்று விழுந்த நிரல்கள் எத்தனையோ.

ரெசிப்பியின் நடுவில் ‘பாட்டில்’ என்று ஒரு பகுதி உண்டு. மேக்ஓஎஸ்ஸின் ஒவ்வொரு பதிப்புக்கும், இன்டெல், ஆர்ம் என்று ஒவ்வொரு சிப்புக்கும் தனித்தனி செக்சம் வரிசையாக இருக்கும். மனிதர் யாரும் கையால் எழுதுவதில்லை. ஹோம்ப்ரூவின் சோதனைக் கணினிகள் ரெசிப்பியை ஓட்டி, உருவான பைனரியைச் சேமித்து, செக்சத்தைத் தாங்களே எழுதிவிடும். உங்கள் கணினிக்கு வருவது அந்தத் தயார் பைனரிதான். அதனால்தான் சில நொடிகளில் முடிகிறது. அதனாலேயே ரெசிப்பியில் நேரும் ஒரு பிழை, அந்தக் கருவியை அன்று நிறுவும் எல்லோர் கணினிக்கும் போய்ச் சேர்கிறது.

யாரும் தொடாமலே உடைவது

ஜேக்யூ 1.6 வெளிவந்தது 2018 நவம்பரில். அடுத்த 1.7 வந்தது 2023 செப்டம்பரில். கிட்டத்தட்ட ஐந்து ஆண்டுகள் மூல நிரலில் புது வெளியீடே இல்லை. அப்படியானால் ரெசிப்பிக்கும் ஐந்து ஆண்டு விடுப்பு என்று நினைத்தால் தப்பு. அந்த இடைவெளியில் கேட்டலினா, பிக் சர், மான்டரே, வென்ச்சுரா என்று ஆண்டுக்கொரு மேக்ஓஎஸ் வந்தது. ஒவ்வொன்றுக்கும் புது பாட்டில் வேண்டும். 2020 நவம்பரில் எம்1 சிப்புடன் மேக் வந்தபோது, இன்டெல்லை மனத்தில் வைத்து எழுதிய ஆயிரக்கணக்கான ரெசிப்பிகளை ஆர்மில் ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. ஆர்ம் மேக்குகளில் ஹோம்ப்ரூ தன் இருப்பிடத்தையே பழைய ‘யூஎஸ்ஆர் லோக்கல்’ அடைவிலிருந்து ‘ஆப்ட் ஹோம்ப்ரூ’வுக்கு மாற்றியது. பழைய இடத்தைக் கோப்புக்குள் நேரடியாக எழுதிவைத்த ரெசிப்பிகளெல்லாம் மாட்டிக்கொண்டன.

கம்பைலர் தரும் தொல்லை இன்னும் நுட்பமானது. பழைய சி நிரல்களில் ஒரு ஃபங்ஷனை முன்கூட்டி அறிவிக்காமலே அழைத்துவிடுவார்கள். கம்பைலர் ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிடும். 2020-இல் வந்த எக்ஸ்கோட் 12 அதைப் பிழையாகவே அறிவித்தது. 2023-இல் கிளாங் 16, 2024-இல் ஜிசிசி 14 ஆகியவையும் அதே வழிக்கு வந்தன. நேற்றுவரை பில்ட் ஆன நிரல் இன்று ஆகாது. மூல நிரலில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

பில்ட் ஆகாமல் போனால்கூடப் பரவாயில்லை, கண்ணில் பட்டுவிடும். மோசமானது வேறொன்று. கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் என்பது கணினியில் இந்த வசதி இருக்கிறதா, அந்த வசதி இருக்கிறதா என்று சின்னச் சின்ன சி நிரல்களைக் கம்பைல் செய்து பார்க்கும். கம்பைல் ஆனால் வசதி உள்ளது, ஆகாவிட்டால் இல்லை. அந்தச் சின்ன நிரல்களே பழைய பாணியில் எழுதப்பட்டிருந்தால், புது கம்பைலர் அவற்றை நிராகரிக்கும். வசதி இருந்தும் ‘இல்லை’ என்று ஸ்கிரிப்ட் முடிவு கட்டிவிடும். பில்ட் வெற்றி, எல்லாம் பச்சை. ஆனால் வெளியே வந்த நிரலில் ஒரு அம்சம் காணாமல் போயிருக்கும். அனுபவமுள்ள மெயின்டெயினர்கள் பில்ட் தேறிய பிறகும் கான்ஃபிகர் வெளியிட்ட பதிவைப் பழைய பதிவோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இதற்காகத்தான்.

இதற்கு நேரெதிர்த் தொல்லையும் உண்டு. மெயின்டெயினரின் சொந்த லேப்டாப்பில் எல்லா லைப்ரரியும் ஏற்கெனவே இருக்கும். கான்ஃபிகர் கண்ணில் பட்டதையெல்லாம் சேர்த்துக்கொள்ளும். ரெசிப்பியின் டிபெண்டன்சிப் பட்டியலில் அது இருக்காது. சுத்தமான கணினியில் ஓட்டும்போதுதான் குட்டு வெளிப்படும். ஆகவே எது வேண்டும், எது வேண்டாம் என்பதை ஆப்ஷன்களில் வெளிப்படையாக எழுதிவிடுவது நல்ல பழக்கம்.

ஒன்று நகர்ந்தால்

ஐசியூ என்ற லைப்ரரியைப் பலர் பெயரால் அறியமாட்டார்கள். யூனிகோட் எழுத்துகளைக் கையாளுவது, ஒவ்வொரு மொழியின் அகரவரிசைப்படி சொற்களை அடுக்குவது, தேதியையும் எண்ணையும் அந்தந்த மொழி வழக்கில் காட்டுவது எல்லாம் அதன் வேலை. தமிழ்ச் சொற்களைத் தமிழ் அகரவரிசையில் அடுக்கும் விதியும் அதற்குள்ளேதான் இருக்கிறது. நோட், போஸ்ட்கிரெஸ், பிஎச்பி என்று பல பெரிய மென்பொருள்கள் அதைச் சார்ந்திருக்கின்றன.

ஐசியூவின் பெரிய வெளியீடு ஆண்டுக்கு இரண்டு முறை வரும். ஒவ்வொரு முறையும் தன் ஃபங்ஷன் பெயர்களின் வாலில் வெர்ஷன் எண்ணை ஒட்டிக்கொள்ளும். 75-உடன் பில்ட் ஆன நிரல், வாலில் 75 உள்ள பெயர்களைத்தான் தேடும். கணினியில் 76 வந்து 75 போய்விட்டால், தேடியது கிடைக்காமல் நிரல் திறக்கவே திறக்காது. ஆக ஐசியூ ரெசிப்பியில் இரண்டு வரி மாற்றினால், அதைச் சார்ந்த அத்தனை பேக்கேஜையும் மறுபடி பில்ட் செய்தாக வேண்டும். அவற்றின் வெர்ஷன் மாறியிருக்காது. ஆனாலும் பயனருக்குப் புது பைனரி போக வேண்டும். இதற்காகவே ரெசிப்பியில் ‘ரிவிஷன்’ என்று ஒரு எண் உண்டு. மூல நிரல் அதேதான், நாங்கள் மறுபடி பில்ட் செய்திருக்கிறோம் என்று பொருள். டெபியனில் வெர்ஷனுக்குப் பின்னால் ஒரு கோடிட்டு வரும் எண்ணுக்கும், கோண்டாவின் பில்ட் எண்ணுக்கும் இதே வேலை.

சார்ந்திருக்கும் பேக்கேஜ்களில் ஏதேனும் ஒன்று புது ஐசியூவுடன் பில்ட் ஆக மறுத்தால், மொத்தமும் நின்றுவிடும். 2024-இல் ஹோம்ப்ரூ ஐசியூவை எண்ணிட்ட ரெசிப்பிகளாகப் பிரித்ததில் இந்த நெருக்கடி தணிந்தது. பழையதும் புதியதும் சில காலம் அருகருகே இருக்கலாம், ஒவ்வொரு பேக்கேஜும் தன் வேகத்தில் நகரலாம்.

புது வெர்ஷன் வந்தால்

புது வெர்ஷன் வந்திருக்கிறதா என்று பார்க்க இன்று ஆள் தேவையில்லை. ஹோம்ப்ரூவில் லைவ்செக் என்ற கருவி மூலத் திட்டங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும். புது எண் தென்பட்டால் பாட் என்ற தானியங்கி நிரல் ஒன்று முகவரியையும் செக்சத்தையும் மாற்றி, மாற்றக் கோரிக்கையைத் தானே திறந்துவிடும். கோண்டா-ஃபோர்ஜிலும் இப்படி ஒரு பாட் உண்டு. சோதனைக் கணினிகள் பில்ட் செய்து, டெஸ்ட் ஓட்டி, பச்சை விளக்குக் காட்டும். மீதி என்ன இருக்கிறது என்று கேட்கலாம். மீதி இருப்பதுதான் முக்கியமானது: மாறியது என்ன என்று ஒரு மனிதர் படித்துப் பார்ப்பது.

செக்சத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஜனவரி 30 அன்று கிட்ஹப் தன் சர்வர்களில் கிட்டைப் புதுப்பித்தது. சுருக்கக் கோப்பு உருவாக்க அதுவரை வெளியிலிருந்த ஜிசிப் நிரலை அழைத்துக்கொண்டிருந்த கிட், புதுப் பதிப்பில் அந்த வேலையைத் தானே செய்யத் தொடங்கியிருந்தது. உள்ளே இருந்த கோப்புகள் அட்சரம் பிசகாமல் அதேதான். ஆனால் சுருக்கிய வடிவத்தின் பைட்டுகள் மாறிவிட்டன. செக்சங்கள் ஒத்துவரவில்லை. கிட்ஹப் தானாக உருவாக்கித் தரும் கோப்புகளை நம்பியிருந்த பேக்கேஜ் மேனேஜர்களிலும் பில்ட் அமைப்புகளிலும் ஒரே கூச்சல். சில மணி நேரத்தில் கிட்ஹப் பழைய முறைக்கே திரும்பியது.

இப்படி ஒரு வேளையில், புது செக்சத்தைக் கோப்பில் ஒட்டிவிட்டு நகர்ந்துவிடலாம் என்ற ஆசை வரும். வெர்ஷன் எண் மாறாமல் செக்சம் மட்டும் மாறினால், காரணம் தெரியும்வரை கை வைக்கக் கூடாது என்பது என் கட்சி. பழையதையும் புதியதையும் விரித்து, இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். மூலத் திட்டத்தாரிடம் கேட்டு உறுதி செய்வது இன்னும் நல்லது.

செக்சம் ஒத்துப்போனால் மட்டும் நிம்மதியா? அது அரக்கு முத்திரை மாதிரி. உறையை வழியில் யாரும் பிரிக்கவில்லை என்று சொல்லும். கடிதத்தில் எழுதியிருப்பது யோக்கியமானதா என்று சொல்லாது. 2024-இல் எக்ஸ்-இசட் விவகாரத்தில் உலகம் இதைக் கண்கூடாகப் பார்த்தது. சுருக்கக் கோப்புகளுக்கான அந்த லைப்ரரியின் 5.6.0, 5.6.1 வெளியீடுகளில் ஒரு பின்வாசல் வைக்கப்பட்டிருந்தது. போஸ்ட்கிரெஸ் டெவலப்பர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட், எஸ்எஸ்ஹெச் லாகின் வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதைத் துருவிக்கொண்டே போய், மார்ச் 29 அன்று விஷயத்தை வெளியிட்டார். ரெசிப்பிகள் எல்லாம் சரியாகவே இருந்தன. முகவரி சரி, செக்சம் சரி, டெஸ்ட் தேறியது.

தந்திரம் இருந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். தீங்கான பைனரித் துண்டுகள் சோதனைக் கோப்புகள் என்ற பெயரில் எல்லோரும் பார்க்கும் களஞ்சியத்திலேயே கிடந்தன. அவற்றை உசுப்பிவிடும் பில்ட் ஸ்கிரிப்ட் மட்டும் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுச் சுருக்கக் கோப்பில் மட்டும் இருந்தது. லினக்ஸில் டெப், ஆர்பிஎம் பேக்கேஜாகப் பில்ட் ஆகும்போதுதான் அது விழித்துக்கொள்ளும். அதாவது மெயின்டெயினர்களின் வழக்கமான வேலையைக் குறிவைத்தே வலை விரித்திருந்தார்கள். ஹோம்ப்ரூ முன்னெச்சரிக்கையாக 5.4.6-க்குத் திரும்பியது. டெபியனில் வெர்ஷன் எண் பின்னோக்கிப் போக முடியாது, போனால் ஏற்கெனவே புதியதை நிறுவியவர்களுக்கு மாற்றம் போய்ச் சேராது. அதனால் அங்கே ‘5.6.1+ரியலி5.4.5-1’ என்ற விசித்திரமான எண்ணோடு பழைய நிரல் வெளியானது. ‘பெயருக்கு 5.6.1, நிஜத்தில் 5.4.5’. வெர்ஷன் எண்ணுக்குள்ளேயே இப்படி வெளிப்படையாக எழுதிவைத்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

இதன் பிறகு, ஆள் உருவாக்கிய வெளியீட்டுக் கோப்பிலிருந்து பில்ட் செய்வதா, களஞ்சியத்திலிருந்தே நேராக எடுப்பதா என்ற விவாதம் பல பேக்கேஜ் மேனேஜர்களில் சூடுபிடித்தது. கிட்ஹப் கதையை நினைவில் வைத்துப் பார்த்தால், இரண்டு பக்கமும் ஒரு பள்ளம் உண்டு என்பது புரியும்.

ஒட்டுப்போடுவது

சில நேரம் மூல நிரல் அப்படியே பில்ட் ஆகாது, மெயின்டெயினர் ஒரு பேட்ச் போட வேண்டும். போடும்போது கை எவ்வளவு நடுங்க வேண்டும் என்பதற்கு டெபியனில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரிக்கு நேர்ந்த கதைதான் காலத்துக்கும் பாடம். 2006-இல் வால்கிரைண்ட் என்ற சோதனைக் கருவி, முன்மதிப்பு தராத நினைவகத்தைப் படிக்கிறாய் என்று ஓப்பன்எஸ்எஸ்எல்லைக் குறை சொன்னது. டெபியன் மெயின்டெயினர், மூலத் திட்டத்தாரிடம் கேட்டுவிட்டுத்தான், இரண்டு வரிகளை நீக்கினார். அதில் ஒரு வரி, ரேண்டம் எண்களுக்கான சிதறலைச் சேர்க்கும் வழியாக இருந்தது. அது போனதும் மிஞ்சியது ப்ராசஸ் எண் ஒன்றுதான். அதன் உச்சம் 32,768. ஒரே அளவில், ஒரே வகைக் கணினியில் உருவாகும் சாவிகள் அத்தனை ஆயிரத்துக்குள் அடங்கிவிட்டன. உட்கார்ந்து எண்ணியே உடைத்துவிடலாம். லூசியானோ பெல்லோ இதைக் கண்டுபிடித்தார், 2008 மே 13 அன்று விஷயம் வெளியானது. அதுவரை டெபியனிலும் உபுண்டுவிலும் உருவான சாவிகளைத் தூக்கிப்போட வேண்டியதாயிற்று.

பேட்ச் விஷயத்தில் இன்று எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே நடைமுறை. பில்ட் ஆவதற்கு எது தேவையோ அதை மட்டும் செய், அதையும் மூலத் திட்டத்துக்கு அனுப்பு, அனுப்பிய இடத்தின் முகவரியைப் பேட்சின் தலையில் எழுது. டெபியன் பேட்சுகளின் தலைப்பில் ‘ஃபார்வர்டட்’ என்ற ஒரு வரியே இதற்காக இருக்கிறது. மூலத் திட்டம் ஏற்று வெளியிட்டதும் ரெசிப்பியிலிருந்து பேட்சை நீக்கிவிட வேண்டும். ஏன் இருக்கிறது என்று யாருக்கும் நினைவில்லாத பேட்சைவிட அபாயமானது ரெசிப்பியில் வேறில்லை.

லைசென்ஸ் வரியும் ஓய்வும்

ரெசிப்பியில் யாரும் இரண்டாவது முறை பார்க்காத வரி லைசென்ஸ். 2023 ஆகஸ்டில் ஹாஷிகார்ப் நிறுவனம் டெராஃபார்ம் என்ற தன் கருவியின் லைசென்ஸை மாற்றப்போவதாக அறிவித்தது. புதிய பிஸினஸ் சோர்ஸ் லைசென்ஸ் ஓப்பன் சோர்ஸ் ஆகாது. ஹோம்ப்ரூவின் மையக் களஞ்சியத்தில் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளுக்கு மட்டுமே இடம். ஆகவே டெராஃபார்ம் ரெசிப்பி பழைய லைசென்ஸின் கடைசி வெளியீடான 1.5.7-இல் நின்றது, கைவிடப்பட்டது என்ற குறிப்போடு. தானியங்கி பாட் ஒன்றைப் பொறுத்தவரை 1.5.7-க்கு அடுத்து 1.6 வந்தால் அது இன்னொரு எண், அவ்வளவுதான். பில்டும் ஆகும், டெஸ்டும் தேறும்.

ரெசிப்பிகளுக்கு ஓய்வும் படிப்படியாகத்தான். முதலில் ‘டெப்ரிகேட்’: நிறுவலாம், ஆனால் எச்சரிக்கை வரும். அடுத்து ‘டிஸேபிள்’: நிறுவ முடியாது, காரணம் மட்டும் தெரியும். அதன் பிறகே கோப்பு நீங்கும். பைத்தான் 2-இன் ஆதரவு முடிந்த 2020-இன் தொடக்கத்தில் அதன் ரெசிப்பி ஹோம்ப்ரூவிலிருந்து போனது. ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1-க்கு 2023 செப்டம்பரில் ஆதரவு நின்றது. அதைச் சார்ந்திருந்தவற்றை ஒவ்வொன்றாக 3-க்கு நகர்த்தினார்கள். நகர மறுத்த பழைய மென்பொருள்களைக் கைவிட வேண்டியிருந்தது. பயன்படுத்துகிறவர்கள் கோபப்படத்தான் செய்வார்கள். ஆனால் பாதுகாப்புத் திருத்தம் வராத லைப்ரரியை மற்றவர் கணினியில் தொடர்ந்து நிறுவிக்கொண்டிருப்பது எந்த வகையில் உபகாரம் என்று எனக்குப் புரிந்ததில்லை.

கை வைக்க விரும்பினால்

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் புது ரெசிப்பி சேர்க்கத்தான் விரும்புகிறார்கள். ஏழாயிரத்துக்கு மேல் ஏற்கெனவே இருக்கும் ஓரிடத்தில், இருப்பதைச் செப்பனிடுபவருக்குத்தான் வரவேற்பு அதிகம். நீங்கள் தினமும் புழங்கும் ஒரு கருவியைத் தேர்ந்தெடுங்கள். ‘ப்ரூ எடிட்’ போட்டு அதன் ரெசிப்பியைத் திறந்து படியுங்கள். பாட்டிலைத் தவிர்த்து மூல நிரலிலிருந்தே பில்ட் செய்யச் சொல்லி நிறுவிப் பாருங்கள். ‘ப்ரூ டெஸ்ட்’, ‘ப்ரூ ஆடிட்’ இரண்டையும் ஓட்டுங்கள். டெஸ்ட் வெறும் வெர்ஷன் எண்ணைக் கேட்பதாக இருந்தால், உங்கள் முதல் வேலை கிடைத்துவிட்டது: அந்தக் கருவி உண்மையில் செய்யும் ஒரு காரியத்தைச் செய்யச் சொல்லி டெஸ்டை மாற்றுங்கள். பில்ட் உடைந்து கிடக்கும் கோரிக்கைகளின் பதிவை வாசித்து, எந்த வரியில் உடைந்தது என்று ஒரு குறிப்பு எழுதினாலும் உதவிதான்.

வெர்ஷன் உயர்த்துகிறீர்கள் என்றால் சேஞ்ச்லாகை முழுக்கப் படித்துவிட்டு, பழைய பைனரியோடு வந்த கோப்புகளின் பட்டியலையும் புதியதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். லைசென்ஸ் கோப்பில் மாற்றம் உண்டா, முகவரி இடம் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஜேக்யூ 1.7 வந்தபோது அதன் களஞ்சியமே டோலனின் தனிக் கணக்கிலிருந்து ஜேக்யூலாங் என்ற பொதுப் பெயருக்கு மாறியிருந்தது. ஒரு கோரிக்கையில் ஒரு ரெசிப்பியை மட்டும் தொடுங்கள். கமிட் செய்தியில் பெயரும் எண்ணும் போதும்: ‘ஜேக்யூ 1.7.1’.